சனிக்கிழமை சாயங்காலம்

அவிநாசிப் பக்கத்து ஓய்வு பெற்ற உபதேசியார் ஒருவரும், ஜாப் ஒர்க் எடுத்து பனியன் தைத்துக் கொடுக்கும் அவருடைய சீடரும் பேசியது. (வெளியூர் வாசகருக்கு: திருப்பூர் வட்டாரத்தில் சம்பளம் வாரக்கணக்கு; சனிக்கிழமை பட்டுவாடா.)

சீடன்: வேதம் வாசிக்காம நான் கம்பெனியைத் திறக்கிறதில்லீங்கய்யா. புது வருஷ ஆராதனையில எடுத்த வாக்குத்தத்த அட்டை கல்லாவுக்கு மேலயே இருக்குது. ஆனாலும் வேதம் ஒரு பக்கம், பொழப்பு ஒரு பக்கமாத்தானுங்க ஓடுது.

குரு: அட்டையில என்ன வசனம் கண்ணு?

சீடன்: ஆசீர்வாத வசனந்தானுங்க.

குரு: வேற எது வரும்! லேவியராகமம் 19:13ஐ அட்டையில அடிச்சு நான் பார்த்ததில்லை.

சீடன்: அதுல என்னங்க இருக்குது?

குரு: வேலை செஞ்சவன் கூலி உன் வீட்டுல ராத்தங்கப்படாதுன்னு இருக்குது. 1830ல லண்டன் மிஷன் மிஷனரி ஆடிஸ் கோயமுத்தூருக்கு வந்த காலத்துல வீட்டுக்கு ஒரு வேதமா இருந்துச்சு? எழுத்துத் தெரிஞ்சவர் வாசிச்சார், மத்தவங்க கேட்டாங்க. கேக்கறவன் பிடிச்சதை மட்டும் பொறுக்க முடியாது. அதிகாரத்துல அடுத்து எது வருதோ, அது காதுல விழுந்தே தீரும். உனக்கு இப்ப போன்லயே வேதம். பொறுக்கறது சுலபமாப் போச்சு.

சீடன்: நான் வேணும்னேவா கூலியை நிறுத்தி வைக்கறனுங்க? துணி குடுத்தவங்க பில்லை மூணு மாசம் இழுக்கறாங்க. அங்க வந்தாத்தானே இங்க குடுக்க?

குரு: நியாயம். 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு சிறுதொழிலுக்கான 2006 சட்டம் இருக்குது. பிடிச்சு வெச்ச கூலியே கூக்குரலிடுதுன்னு சொல்ற யாக்கோபு 5:4 அதைவிடக் கடுமை. ரெண்டும் உனக்காகப் பேசும். ஆனா உன் கம்பெனியில கைமடி வேலை செய்யற பொண்ணு அதே வசனத்தை எடுத்தா, யாரைப் பார்த்து வாசிப்பா?

சீடன்: ...என்னையத்தானுங்க.

குரு: உனக்கு வரவேண்டியதுக்கு வசனம் உடனே ஞாபகம் வருது. நீ குடுக்க வேண்டியதுக்குத்தான் வியாக்கியானம் தேடறே.

சீடன்: அப்ப மத்தேயு 20ஐ என்ன பண்றதுங்க? கடைசி ஒரு மணி நேரம் வந்தவனுக்கும் முழு நாள் கூலி. பீஸ்ரேட் டெய்லர்கிட்ட அதைச் சொன்னா, திங்கக்கிழமை மிஷின்ல ஆள் இருக்காதுங்க.

குரு: (சிரித்து) அந்தக் கதையிலயும் காலையில வந்தவங்க முணுமுணுத்தாங்கல்ல? அதை எப்படித் தீர்க்கறதுன்னு எனக்கும் தெரியாது. வேற ஒண்ணைப் பாரு. பொழுது சாஞ்சதும் எஜமான் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கூலி குடுக்கச் சொல்றான். கடைசி ஆளுக்குக் கூடக் குடுத்தது அவன் மனசு. சாயங்காலமே குடுத்தது மோசேயோட கட்டளை. ஆனா கட்டளையை அவன் வாய்விட்டுச் சொல்லலை. இயேசுவும் நிறுத்தி விளக்கலை. வேதம் ஒரு மனுஷனுக்குள்ள எறங்கிடுச்சுன்னா இப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். தியானம் உனக்குக் காலையில கால் மணி நேரம். சோதனை சனிக்கிழமை ராத்திரி.

சீடன்: பில் வராத வாரத்துல?

குரு: உனக்குன்னு எவ்வளவு எடுக்கறே, எப்ப எடுக்கறே?

சீடன்: மொதல்லயேங்க. வீட்டுக்கு, வண்டித் தவணைக்கு, காணிக்கைக்கு...

குரு: அந்த வாரத்துக்கு மட்டும் வரிசையை மாத்திப் பாரு. காணிக்கையும் பின்னாடி நிக்கட்டும், அது பொறுக்கும்.

சீடன்: கம்பெனி ஜெபத்துல 19:13ஐ வாசிக்கலாமுங்களா? ஆளுங்க கணக்குக் கேப்பாங்களே.

குரு: கேக்கட்டும். அவங்களும் வேதம் கேட்டவங்க ஆயிருவாங்கல்ல.