தந்தியும் பாதரட்சையும்

மத்தியம மார்க்கம் என்று பௌத்தர்கள் சொல்லும் நடுவழியைப் பற்றி நம்மவர்கள் பிரசங்கம் செய்யும்போது, அநேகமாக எல்லோரும் ஒரே உபமானத்தைத்தான் கையாளுவார்கள். வீணையின் தந்தியை அளவுக்கு மேல் முறுக்கினால் அறுந்துபோகும், தளரவிட்டால் நாதம் எழும்பாது, ஆகையால் இரண்டுக்கும் நடுவே நிற்பதே உத்தமம் என்று சொல்லி, சபையோர் தலையசைப்பதைக் கண்டு திருப்தியுடன் அமர்ந்துவிடுவார்கள். உபமானம் புத்தர் பெருமானுடையதுதான். ஆனால் தலையசைக்கிறவர்களில் தம் கையால் ஒரு தந்தியைப் பூட்டிச் சுருதி சேர்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. சேர்த்துப் பார்த்தவனுக்கு உடனே ஒரு சந்தேகம் உண்டாகும். தளர்ச்சிக்கும் அறுபடுதலுக்கும் நடுவே என்றால், அந்த நடு எங்கே இருக்கிறது? அதை அளந்து சொல்பவர் யார்?

இந்தச் சந்தேகத்தை ஆராய்வதற்கு, நம் வீணையைக் காட்டிலும் மேனாட்டாரின் மின்சாரக் கிதார் அதிகமாக உதவும் என்பது என் அபிப்பிராயம். அதன் தந்திகள் யந்திரத்தில் அளவு பிசகாமல் இழைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் கனமும் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று உறையின்மேல் அச்சிடப்பட்டிருக்கிறது. வாங்க வருகிறவனிடம் கடைக்காரர் கேட்கும் முதற் கேள்வியே 'நைன் செட்டா, டென் செட்டா?' என்பதுதான். நைன் என்றால் ஆறு தந்திகளில் மிக மெல்லியது ஆயிரத்தில் ஒன்பது பங்கு. டென் என்றால் பத்துப் பங்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தலைமயிர் ஒன்றின் பருமனில் பாதிகூட இராது. விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்துச் சட்டென்று இன்னது இன்னதென்று சொல்வது பழகியவனுக்கும் கஷ்டம். ஆனால் இரண்டையும் வாத்தியத்தில் பூட்டி ஒரே ஸ்வரத்துக்கு ஏற்றிவிட்டால், மெல்லியதை இழுத்து நிறுத்த ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவான பலம் போதும். பருத்ததற்கோ ஏழே கால் கிலோவுக்குச் சற்று மேல் வேண்டியிருக்கிறது. ஆறு தந்திகளையும் கூட்டிப் பார்த்தால், ஒரு செட்டு அந்த மெல்லிய மரக்கழுத்தின்மேல் ஏறக்குறைய 38 கிலோ பாரத்தையும், மற்றது 47 கிலோ பாரத்தையும் சுமத்துகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒன்பதரை என்று ஒரு செட்டும் விற்கிறார்கள் என்பதை, நடுவழியைக் கணக்குப் போட்டுத் தேடுகிறவர்களுக்காக இங்கே சொல்லி வைக்கிறேன்.

இதன் நியாயத்தை 1636-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில் விளக்கியவர் மரேன் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி. (மாமிசம் மட்டுமன்றிப் பாலையும் முட்டையையும்கூட ஆயுள் முழுவதும் விலக்கிய கடும் விரதம் பூண்டது அவருடைய சபை, தந்தியின் இறுக்கத்தைப் பற்றிப் பேச அவருக்கு இருவகையிலும் யோக்கியதை உண்டு.) தந்தியின் ஸ்வரத்தை நிர்ணயிப்பவை அதன் நீளம், எடை, இழுப்பு ஆகிய மூன்றே, ஸ்வரம் ஒரு ஸ்தாயி உயர வேண்டுமானால் இழுப்பு இரண்டு பங்கானால் போதாது, நாலு பங்காக வேண்டும். கிதாரில் தந்தியின் நீளம் வாத்தியத்தைச் செய்தவன் வைத்தது. ஸ்வரமோ கூட வாசிக்கிறவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டது. இந்த இரண்டும் நிலைபெற்றுவிட்ட பிறகு, இன்ன கனமுள்ள தந்திக்கு இன்ன இழுப்பு என்பது ஒரே புள்ளியாகிவிடுகிறது. அதற்கு ஒரு மயிரிழை மேலே போனாலும் அபசுரம், கீழே இறங்கினாலும் அபசுரம். விஸ்தாரமான ராஜபாட்டையின் மையத்தில் சாவதானமாக நடந்து போவதைப் போல நாம் கற்பித்துக்கொண்டிருக்கும் நடுவழிக்கு அங்கே இடமே இல்லை.

அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. பருத்த தந்தி அதிக இழுப்பைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே ஸ்வரத்தில் நிற்பதற்கு அதே விகிதத்தில் அதிக இழுப்பைக் கேட்கவும் செய்கிறது. ஆகவே, ஒரே எஃகினால் ஒரே நீளத்தில் அமைந்த இரண்டு தந்திகளை மேலே மேலே முறுக்கிக்கொண்டு போனால், மெல்லியதும் பருத்ததும் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில்தான் அறுபடுகின்றன. பலசாலி என்று நாம் வியக்கிறவனும் அசக்தன் என்று இரங்குகிறவனும், தத்தம் எல்லையிலிருந்து சம தூரத்தில் நிற்கக்கூடும் என்பதை இதைக் காட்டிலும் தெளிவாகக் காட்டும் திருஷ்டாந்தம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

தந்தியைப் பூட்டும் காரியத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். முனையில் சிறிய பித்தளைக் குண்டு கோத்த தந்தியை உறையிலிருந்து எடுத்துக் குதிரையின் துளைக்குள் செலுத்தி, மறுமுனையை முறுக்காணியில் சுற்றித் திருகத் தொடங்கினால், முதலில் அது மெட்டுகளின்மேல் படபடவென்று அடித்துக்கொள்ளும். பிறகு ஸ்வரம் என்று சொல்லத் தகாத ஒரு முனகல். இன்னும் சில சுற்றுகளில் அந்த முனகல் சட்டென்று தெளிந்து குரலாகும். குரல் வந்த மாத்திரத்தில் தந்தி அடங்கிவிடுவதில்லை. புதுத் தந்தி நெகிழ்ந்து நெகிழ்ந்து இறங்கும். விரலால் மெள்ள இழுத்துவிட்டு மறுபடியும் மறுபடியும் ஏற்ற வேண்டும். மந்தர ஸ்வரத்துக்குரிய தந்தியை எடுத்துப் பார்த்தால் அது வெறும் கம்பியன்று என்பது தெரியும். அறுகோண வடிவமான எஃகு நரம்பு ஒன்றின்மேல் நிக்கல் பூசிய இழையை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். நகத்தை அதன்மேல் ஓட்டினால் ரம்பத்தின் பல்லைத் தொட்டாற்போல் கரகரக்கும். அவ்வளவு பருமனையும் ஒரே கம்பியாக இழுத்திருந்தால் அது விறைத்துப்போய் நாதம் கெட்டுவிடும்; கனம் வேண்டும், விறைப்பு கூடாது என்பதற்காக 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தந்திக்காரர்கள் நரம்புத் தந்திகளின்மேல் உலோக இழை சுற்றிக் கண்ட உபாயத்தின் வாரிசு இது. ஆசாரத்தின் கனத்தைத் தாங்கிக்கொண்டு அதன் விறைப்பை மட்டும் விட்டுவிடத் தெரிந்த பெரியோர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் அது தனிக் கட்டுரைக்கு உரியது.

ஸ்வரமும் நீளமும் கட்டளையாக வந்துவிட்ட பிறகு வாசிக்கிறவனுக்கு எஞ்சியிருக்கும் ஸ்வதந்திரம், எந்தத் தந்தி என்பதுதான். இங்கேதான் கைக்குக் கை வித்தியாசம் வருகிறது. அமெரிக்க நாட்டு டெக்ஸஸ் மாகாணத்தைச் சேர்ந்த இருவரை எடுத்துக்கொள்வோம். ஸ்டீவி ரே வான் ஆயிரத்தில் பதின்மூன்று பங்கு கனமுள்ள முதல் தந்தியைப் பூட்டிக்கொண்டு, அதை வீணைக்காரர் கமகத்துக்கு இழுப்பதுபோல் இழுத்து இழுத்து வாசித்தார். விரல் நுனியின் தோல் பிய்ந்துபோன நாட்களில் பசை தடவி ஒட்டிக்கொண்டு மேடை ஏறுவாராம். பில்லி கிப்பன்ஸும் முதலில் கனத்த தந்திகளையே பூஜித்தவர்தான். ஒரு நாள் மூத்த வித்துவான் பி. பி. கிங் அவருடைய கிதாரை வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, எதற்காக இவ்வளவு பாடுபடுகிறாய் என்று கேட்டாராம். அன்றுமுதல் தாம் மெல்லிய தந்திக்கு மாறிவிட்டதாகக் கிப்பன்ஸே சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் அவர் வந்து சேர்ந்தது ஆயிரத்தில் ஏழு பங்குத் தந்திக்கு. பதின்மூன்றுக்கும் ஏழுக்கும் நடு பத்து என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். அந்தப் பத்து இவ்விருவரில் ஒருவருக்கும் உதவாது.

கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் நடுநிலையைப் பற்றி ஆராயும் இடத்தில் இதே விஷயத்தை உணவை வைத்துச் சொல்கிறார்: பத்துப் பங்கு ஆகாரம் அதிகம், இரண்டு பங்கு குறைவு என்றால், ஆறு பங்கு எல்லோருக்கும் தக்கது என்று ஆகிவிடாது, மல்யுத்த வீரன் மைலோவுக்கு அது போதாது, அப்பொழுதுதான் பயிற்சி தொடங்கியவனுக்கு அது மிகுதி. நம் வேதாந்திகள் அதிகாரி பேதம் என்று சொல்வதும் இதற்குச் சமீபமானதே.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். எல்லாம் அவரவர் கைக்குத் தக்கபடி என்று விட்டுவிட்டால், சோம்பேறியும் தன் சோம்பலுக்குத் தக்க தந்தியைப் பூட்டிக்கொண்டு அதையே நடுவழி என்று பேசமாட்டானா? மேலும், ஸ்வரம் கட்டளை என்றீர்களே, வான் தம் வாத்தியத்தை அரை ஸ்வரம் இறக்கி வைத்துக்கொண்டல்லவா அந்தக் கனத்த தந்திகளை ஆண்டார்? ஆட்சேபம் நியாயமானது, அதை நன்றாக எதிர்கொள்ள உதவுகிறவர் பர்மிங்ஹாம் நகரத்து டோனி அயோமி. அவர் இடக்கை வாத்தியக்காரர். பதினேழு வயதில், 1965-இல், உலோகத் தகடு வெட்டும் ஆலையில் வேலையின் கடைசி நாளன்று, மெட்டுகளின்மேல் தந்தியை அழுத்த வேண்டிய வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை யந்திரத்துக்குப் பறிகொடுத்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குக் கவசம் செய்து தோல் ஒட்டிக்கொண்டார். அந்தக் கவசத்தால் கனத்த தந்தியை இழுக்க முடியாது போகவே, பாஞ்சோ வாத்தியத்தின் மெல்லிய தந்திகளைத் தேடிப் பூட்டினார். 1971-இல் வெளிவந்த இசைத்தட்டுக்காக ஆறு தந்திகளையும் ஒன்றரை ஸ்வரம் இறக்கினார். இறக்கியபோது ஒன்றைமட்டும் இறக்கி மற்றவற்றை விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறும் ஒருங்கே இறங்கியதால் அவற்றினிடையே உள்ள சம்பந்தம் மாறாமல் நின்றது. ஆதார சுருதியைத் தன் சாரீரத்துக்கேற்ப வைத்துக்கொள்ளும் உரிமை நம் பாடகர்களுக்கும் உண்டு. ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள தூரத்தைத் தன் சௌகரியத்துக்குக் குறைத்துக்கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. சோம்பேறி கேட்கும் சலுகை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இனிப் புத்தரின் உபமானத்துக்குத் திரும்பிப் பார்த்தால், அவர் சொன்னதும் இதுதான் என்று தோன்றுகிறது. அதைக் கேட்டவர் சோணர். சம்பா நகரத்துச் செல்வக் குடியில் பிறந்தவர். உள்ளங்காலில் மென்மயிர் முளைத்திருக்கும் அளவுக்குத் தரையில் பாதம் படாமல் வளர்ந்தவர் என்றும், அந்த அதிசயத்தைப் பார்ப்பதற்காகவே மகத மன்னன் பிம்பிசாரன் அவரை வரவழைத்தான் என்றும் பௌத்த விநய நூல் சொல்கிறது. துறவு பூண்டு ராஜகிருகத்தை அடுத்த சீதவனத்தில் தங்கி, நடைபயிலும் பாதை ரத்தத்தால் நனையும்வரை நடந்து தவம் செய்தும் சித்தி கிட்டாதபோது, வீடு திரும்பித் தான தர்மங்கள் செய்தாவது வாழலாமே என்று அவர் மனம் தளர்ந்தது. அப்பொழுது புத்தர் அவரிடம் வந்து, இல்லறத்தில் இருந்தபோது நீ வீணை வாசிப்பதில் தேர்ந்தவனல்லவா என்றுதான் பேச்சைத் தொடங்கினார். வீணை என்றால் இன்றைய சரஸ்வதி வீணை அன்று. அக்காலத்துச் சிற்பங்களில் காண்பது, வில்போல் வளைந்து நம் பழைய யாழை ஒத்த வாத்தியம். அதில் நீளம் வெவ்வேறான தந்திகள் பல. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இழுப்பு. மிக இறுக்கிய போதும் மிகத் தளர்த்திய போதும் வாத்தியம் நாதமுள்ளதாகவும் வாசிக்க இசைந்ததாகவும் இருந்ததா என்று அவர் கேட்கிறார். இல்லை என்று சோணர் சொல்கிறார். முயற்சி மிகுந்தால் மனம் கொந்தளிக்கும், குறைந்தால் மந்தமாகும் என்று விளக்கியதோடு புத்தர் நிறுத்தவில்லை; இந்திரியங்களின் சமநிலையை அறிந்துகொள் என்றும் சேர்த்துச் சொன்னார். சிரத்தை, முயற்சி, நினைவு, சமாதி, அறிவு என்னும் ஐந்தும் ஒன்றோடொன்று சுருதி சேர்ந்து நிற்பதையே உரைகாரர்கள் அதற்குப் பொருளாகக் கொள்கிறார்கள். நம் பிரசங்கிகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்னும் கிருஹஸ்த விவேகமாக அதைக் குறுக்கிவிட்டார்கள்.

அந்த விநயக் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. அது எனக்கு உபமானத்தைவிடப் பிடித்தமானது. சோணர் சித்தி பெற்ற பிறகு, நீ மெல்லிய பாதமுடையவன், உனக்கு ஒற்றை அடித்தோல் கொண்ட பாதரட்சையை அநுமதிக்கிறேன் என்று புத்தர் சொன்னார். அவரவர் கைக்குத் தக்க தந்தி என்னும் நம் சித்தாந்தத்தின்படி விவகாரம் அங்கே முடிந்திருக்க வேண்டும். சோணர் மறுத்துவிட்டார்: எண்பது வண்டிப் பொன்னையும் ஏழு யானைகளையும் விட்டு வந்தவன் ஒரு ஜோடிச் செருப்பில் பற்று வைத்தான் என்று உலகம் பேசும், சங்கம் முழுவதற்கும் அநுமதித்தால் நானும் அணிவேன், இல்லையேல் அணியமாட்டேன் என்றார்.

கலிபோர்னியாவில் எர்னி பால் என்னும் கிதார் வாத்தியாருக்கும் இப்படியொரு சந்தர்ப்பம் வாய்த்தது. 1950-களின் இறுதியில் கடை வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்துவந்த அவர், பாடம் தொடங்கிய பிள்ளைகள் மூன்றாவது தந்தியை அழுத்த மாட்டாமல் தவிப்பதைக் கண்டார், மெல்லிய தந்தி செய்து தரும்படி பெரிய கம்பெனி ஒன்றைக் கேட்டார், அவர்கள் இசையவில்லை. கெட்டிக்கார வாத்தியக்காரர்கள் அப்பொழுதே பாஞ்சோத் தந்தியை முதலில் பூட்டி, மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பூட்டித் தம்தம் அவஸ்தையை ரகசியமாகத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். எர்னி பால் அந்த ரகசியத்தை ஒரு செட்டாகக் கட்டிக் கடையில் வைத்தார். பலவீனமான விரல்களுக்காகச் செய்த அந்த அளவைத்தான் பிறகு ராக் சங்கீதத்தின் பெரிய வித்துவான்களும் வாங்கிப் பூட்டினார்கள். தந்தியை நெடுந்தூரம் இழுத்து அழவைக்கும் அந்த வாசிப்பு பரவியதில் மெல்லிய தந்திக்குப் பெரும் பங்கு உண்டு. மெல்லிய தந்தியில் நாதமும் மெலியும் என்று முணுமுணுக்கும் கனத்த தந்திக் கட்சியார் இன்றும் இருக்கிறார்கள், பி. பி. கிங் வாசிப்பைக் கேட்ட பிறகும் அவர்கள் மனம் மாறாததற்கு நான் என்ன செய்வது?

ஒருவனுக்கு மட்டும் கொடுத்தால் சலுகை. எல்லோர் கைக்கும் எட்டும்படி வைத்தால் அதை எடுப்பதும் விடுப்பதும் அவனவன் விவேகத்தைப் பொறுத்தது. சோணர் கேட்டதும் அதைத்தான். புத்தர் பிக்ஷுக்களைக் கூட்டி, ஒற்றை அடித்தோல் பாதரட்சையைச் சங்கம் முழுவதற்கும் அநுமதித்தார். இரட்டை அடுக்கும் மூன்று அடுக்கும் கூடாதென்று விலக்கினார். வன்பாதமுள்ள பிக்ஷுவும் அதை அணிந்தே தீரவேண்டும் என்று விதி செய்யவில்லை. பதின்மூன்று கனத் தந்தியும் இன்றைக்குக் கடையில் கிடைக்கத்தான் செய்கிறது.