அதே நாடா, வேறு நாடா?

நாடுகளின் பெயர்களைத் தரக் குறியீடுகளாக மாற்றுவது புள்ளிவிவர ஆய்வின் முதற்படி. மக்கள்தொகை ஒரு கோப்பில் இருக்கும். ஏற்றுமதிக் கணக்கு வேறொரு கோப்பில் இருக்கும். ஒன்றில் 'பர்மா' என்றும் மற்றொன்றில் 'மியான்மர்' என்றும் எழுதியிருந்தால் கணினிக்கு அவை இரண்டு நாடுகள். இரண்டையும் ஒரே வரியில் சேர்க்க, எழுதுபவரைப் பொறுத்து மாறாத ஓர் அடையாளம் வேண்டும். அந்தத் தேவைக்காக 1974-இல் வெளிவந்ததுதான் ஐ.எஸ்.ஓ. 3166 என்னும் பன்னாட்டுத் தரம். இன்று அது ஒவ்வொரு பகுதிக்கும் ஈரெழுத்துக் குறி, மூவெழுத்துக் குறி, மூன்றிலக்க எண் என மூன்றைத் தருகிறது. இந்தியாவுக்கு ஐ.என்., ஐ.என்.டி., 356. 'ஆர்' என்னும் புள்ளியியல் மென்பொருளில் இயங்கும் 'கன்ட்ரிகோட்' என்னும் நிரல்தொகுப்பு பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு, கேட்கும் குறியீட்டில் திருப்பித் தருகிறது. இத்தகைய குறியீட்டு முறைகள் 40-க்கும் மேற்பட்டவை அதற்குத் தெரியும்.

பார்வைக்கு இது எழுத்தர் வேலை. ஆனால் தத்துவத்தின் மிகப் பழைய கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது: மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை 'அதுவே இது' என்று எதைக் கொண்டு சொல்கிறோம்?

முதலில் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு. விடியலில் தெரியும் வெள்ளியும் அந்தியில் தெரியும் வெள்ளியும் ஒரே கோள். இரு பெயர்களும் சுட்டும் பொருள் ஒன்றாயினும் அவை உணர்த்தும் விதம் வேறு என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஃப்ரேகே 1892-இல் விளக்கினார். 1960-ஆம் ஆண்டு அட்டவணையின் 'சிலோன்', 1972-க்குப் பிந்தைய அட்டவணையின் 'ஸ்ரீலங்கா' இரண்டும் இப்படித்தான் 144 என்னும் ஒரே எண்ணில் வந்து சேர்கின்றன. குறியீடு சுட்டும் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு, பெயர் சுமந்துவந்த வரலாற்றைக் கழித்துவிடுகிறது.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்தில் நைஜர் என்னும் பெயர் முழுவதும் நைஜீரியாவுக்குள் அடங்கியிருக்கிறது. எனவே 'நைஜர்' என்னும் எழுத்துத் தொடரைத் தேடும் நிரல், அதைத் தொடர்ந்து நைஜீரியாவின் ஈற்றெழுத்துகள் வராமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 'காங்கோ' என்று மட்டும் எழுதியிருந்தால், பிரசாவில்லைத் தலைநகராகக் கொண்ட நாடா, கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட நாடா என்பது எழுத்திலிருந்து விளங்காது. பட்டியலைத் தொகுத்தவர் எதை நினைத்தார் என்பதே விடை. பெயர் தானாக எதையும் சுட்டுவதில்லை, சுட்டுபவர் மனிதர்.

அடுத்தது அடையாளம். ஐ.எஸ்.ஓ. தரத்துக்குள்ளேயே இதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. 1989-இல் பர்மா தன் பெயரை மியான்மர் என்று மாற்றியதும் அதன் எழுத்துக் குறி பி.யு.ஆர். என்பதிலிருந்து எம்.எம்.ஆர். ஆயிற்று, 104 என்னும் எண் அப்படியே நின்றது. 1993-இல் எரித்திரியா பிரிந்துபோனபோது நடந்தது இதற்கு நேர்மாறு. எத்தியோப்பியாவின் எழுத்துக் குறி மாறவில்லை. 230 என்னும் எண் 231 ஆயிற்று. 2011-இல் தென்சூடான் பிரிந்தபோதும் சூடானின் எழுத்துகள் நிலைத்தன, எண் 736-இலிருந்து 729-க்கு மாறியது. எழுத்துக் குறி பெயரைப் பின்தொடர்கிறது. ஐக்கிய நாடுகள் புள்ளியியல் பிரிவு வழங்கும் எண் நிலத்தைப் பின்தொடர்கிறது. 'அதே நாடா?' என்று கேட்டால் ஒன்று 'ஆம்' என்னும் இடத்தில் மற்றது 'இல்லை' என்கிறது.

ஜெர்மனியில் இது இன்னும் தெளிவு. 1990 அக்டோபர் 3-இல் கிழக்கும் மேற்கும் இணைந்தன. மேற்கு ஜெர்மனியின் டி.இ.யு. என்னும் எழுத்துக் குறியே இணைந்த நாட்டுக்கும் தொடர்ந்தது. அதாவது மேற்கு ஜெர்மனி தொடர்கிறது. எண்ணோ 280-ஐயும் 278-ஐயும் விட்டுவிட்டு 276 என்று புதிதாய்த் தொடங்கியது. அதாவது புதிய நாடு பிறந்தது. போர்களை ஆராய்வோர் பயன்படுத்தும் 'கோரிலேட்ஸ் ஆஃப் வார்' குறியீட்டில் மேற்கு 260, கிழக்கு 265. இணைந்த ஜெர்மனிக்கு 1945-க்கு முந்தைய ஜெர்மனியின் 255 திரும்பி வருகிறது. அதாவது பழைய நாடே மீண்டது. மூன்று முறைகள், மூன்று விடைகள். இதன் விளைவு வரைபடத்தில் தெரியும். மேற்கு ஜெர்மனியின் பழைய கணக்கை டி.இ.யு. என்னும் ஒரே குறியில் கோத்து மக்கள்தொகைக் கோட்டை வரைந்தால், 1990-இல் ஏறத்தாழ 1.6 கோடிப் பேர் ஒரே நாளில் சேர்ந்தது போலக் கோடு செங்குத்தாய் எழும். பிறப்போ குடியேற்றமோ அதற்குக் காரணமில்லை; அடையாள விதி ஒன்றே காரணம்.

இந்தக் கேள்வி பழையது. 'மிலிந்தர் கேள்விகள்' என்னும் பௌத்தப் பாலி நூலில், மறுபிறப்பெடுப்பவர் அவரேயா வேறொருவரா என்று மன்னர் மிலிந்தர் கேட்கிறார். துறவி நாகசேனர் இரவெல்லாம் எரியும் விளக்கைக் காட்டுகிறார். முதல் யாமத்துச் சுடர் கடை யாமத்துச் சுடர் அன்று. ஆனால் எரிந்தது ஒரே விளக்கு. தேரைப் பற்றியும் அவர் கேட்கிறார்: சக்கரம் தேரா, அச்சு தேரா? எதுவுமில்லை, அவை கூடிய இடத்தில் வழங்கும் பெயரே தேர். நாடும் அப்படித்தான். நிலம், மக்கள், அரசு, பெயர் ஆகியவை கூடியிருக்கும்வரை கேள்வி எழுவதில்லை. அவற்றில் ஒன்று விலகும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்பதை மனிதர்களே தீர்மானிக்கிறார்கள். இப்படி வழங்கும் பெயரைப் பௌத்தம் பொய் என்று தள்ளவில்லை. வழக்கு உண்மை என்றது. வழக்கு எது என்பதை எல்லோரும் அறிந்திருக்கும்வரை அதுவும் உண்மையே.

மூன்றாவது, இருப்பு. ஐக்கிய நாடுகள் அவையில் 193 உறுப்பு நாடுகள், ஐ.எஸ்.ஓ. பட்டியலில் 249 இடங்கள். குடிமக்களே இல்லாத அண்டார்க்டிகாவுக்குக் குறியீடு உண்டு. தைவானுக்கு 'சீனாவின் மாகாணம்' என்னும் அடைமொழியோடு இடமுண்டு. 2008-இல் விடுதலையை அறிவித்த கொசோவோவுக்கு இடமில்லை. அதன் பெயரைக் கொடுத்து ஐ.எஸ்.ஓ. குறியீட்டைக் கேட்டால் நிரல்தொகுப்பு எச்சரிக்கையோடு வெற்றிடத்தைத் தருகிறது. அந்த வெற்றிடத்தைக் கவனிக்காமல் மேலே சென்றால், அங்கே வாழும் மக்கள் அனைவரும் ஆய்விலிருந்து சத்தமின்றி விழுந்துவிடுவார்கள். உலக வங்கி போன்ற அமைப்புகள் தாமாக ஒரு குறியைச் சூட்டிக்கொள்வது இதனால்தான்.

நமீபியாவுக்கு நேர்வது இன்னும் வருத்தமானது. அதன் ஈரெழுத்துக் குறி என்.ஏ. ஆர் மென்பொருளில் அதே இரண்டு எழுத்துகளுக்குப் பொருள் 'தரவு இல்லை'. கோப்பை வழக்கமான கட்டளையால் திறந்தவுடன், ஒரு தேசத்தின் அடையாளம் இன்மையின் அடையாளமாக வாசிக்கப்படுகிறது. மூவெழுத்துக் குறியைக் கையாண்டாலோ, வெற்றிடத்துக்கு வேறு குறி சொல்லிக் கொடுத்தாலோ அந்நாடு அட்டவணைக்குத் திரும்பிவிடும். ஒருவர் கவனித்தால் போதும். ஆனால் ஒருவராவது கவனிக்க வேண்டும்.

ஆகவே பெயரைக் குறியீடாக்கும் ஒவ்வொரு அட்டவணையும் அடையாளத்தைப் பற்றிய ஒரு நிலைப்பாடு. நிலைப்பாடு எடுப்பதில் பிழையில்லை. எடுக்காமல் எண்ணவும் முடியாது. எடுத்ததை மறைப்பதுதான் பிழை. எந்தக் குறியீட்டு முறை கையாளப்பட்டது, பிரிந்த நாடுகளும் இணைந்த நாடுகளும் எந்த விதியால் இணைக்கப்பட்டன, எந்தப் பெயர்கள் பொருந்தாமல் நின்றன என்பவற்றை ஆய்வாளர் முடிவுகளுக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். அந்தச் சில வரிகள் இல்லாத அட்டவணையில், எண்கள் சரியாக இருந்தாலும் அவை யாரைப் பற்றியவை என்பது தெரியாது.