வளையத்தில் விழுந்த பள்ளம்

பூதலூரில் எங்கள் பக்கம் தூண்டில் என்றால் மூங்கில் கழிதான். நுனியில் தங்கூசியைக் கட்டி, ஒரு தக்கை, ஒரு முள், ஒரு மண்புழு. முடிந்தது. அதற்கு வளையமெல்லாம் கிடையாது. சுருளில் இருந்து நரம்பை விட்டு விட்டு இழுக்கிற கம்புக்குத்தான் வளையம் வேண்டும். அப்படி ஒன்று சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தது. ஃபைபர் கம்பு, உடம்பில் ஐந்து வளையம், நுனியில் ஆறாவது. பதினெட்டு வருஷம் அப்பா அதை வைத்துக்கொண்டு கல்லணைக் கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்தார். மேட்டூர் அணை திறந்த அதே 1934-ல் வந்த கால்வாய் அது. ஊரில் இன்னும் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறோம்.

அப்பா போனபின் கம்பு பரணுக்குப் போனது. போன ஆடியில் நான் இறக்கினேன். கரையோரம் தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் ஒரு விரால், பெரியது, எடுத்தது. கம்பு வளைந்தது. அடுத்த நொடி கை காலி. கம்பின் நுனியிலேயே அறுந்திருந்தது. அறுந்த முனை பிசிறு பிசிறாக, தேய்த்து எடுத்த மாதிரி இருந்தது. வாயில் முள்ளோடும், பின்னால் நாலைந்து பாகம் தங்கூசியோடும் மீன் போய்விட்டது.

வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "வாயில முள்ளோட அது எப்புடிடா திங்கும்?"

அன்று ராத்திரி பஞ்சைச் சின்னதாகக் கிள்ளி ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்தேன். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் பஞ்சு மாட்டிக்கொள்ளும். இரண்டாவது வளையத்தில் மாட்டியது. நுனி வளையத்துக்குப் பஞ்சே தேவைப்படவில்லை, நகத்திலேயே தட்டுப்பட்டது: வாள் அறுத்த மாதிரி ஒரு பள்ளம். வண்டல் தண்ணீரில் நனைந்த தங்கூசி வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் ஓடினால் இரும்பையே அறுக்கும். அப்பா கம்பைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துப் பிடிப்பார். பள்ளமும் இடப்பக்கம்தான் இருந்தது.

என்னால் அதைக் கழற்ற முடியவில்லை. அப்பாவின் கையெழுத்து என்று வீட்டில் இருப்பது ரேஷன் கார்டு விண்ணப்பமும் இரண்டு வங்கிச் செல்லானும்தான். இந்தப் பள்ளத்தை அவர் எழுதணும் என்று எழுதவில்லை. அதனாலேயே அது எனக்கு அவராகத் தெரிந்தது.

இந்த இடத்தில் தீசியஸின் கப்பலைக் கொண்டுவருவது நம் ஆட்களின் வழக்கம். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டதை புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஆனால் பிளேட்டோவின் 'பீடோ'வில் இன்னொரு தகவல் வருகிறது. அந்தக் கப்பல் சும்மா நிற்கவில்லை, ஏதென்ஸ்காரர்கள் வருஷா வருஷம் அதை டெலோஸ் தீவுக்கு அனுப்பினார்கள். அது திரும்பும்வரை யாருக்கும் மரண தண்டனை கூடாது என்பதால்தான் சாக்ரடீசுக்கு நாட்கள் கூடுதலாகக் கிடைத்தன. அதில் ஏறிப் போனவர்களிடம் 'அதே கப்பலா' என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். தண்ணீர் உள்ளே வருகிறதா என்பதல்லவா அவர்கள் கவலை!

என் கம்பில் ஏறிப் போனது அந்த விரால். என் பாசத்துக்கான செலவு அதன் வாயில் இருக்கிறது.

கொன்று தின்கிறவன் மீனின் வேதனையைப் பேசலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். குறளில் புலால் மறுத்தலுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, அதன் முன்னால் நான் தோற்றவன். ஆனால் தோற்றவனுக்கும் கணக்கு உண்டு. குழம்பில் கொதிக்கிற மீனுக்கு நான் பதில் சொல்ல முடியும், சொல்வது சரியோ தப்போ. யாருக்கும் ஆகாமல், இழுபடுகிற நரம்பு புல்லில் சிக்கி, பட்டினியில் சாகிற மீனுக்கு என்ன சொல்வது? 'அது எங்க அப்பா ஞாபகம்' என்றா?

பள்ளத்தைக் காப்பாற்ற இன்னொரு வழியும் இருந்தது. கம்பைச் சுவரில் மாட்டிவிடலாம். அம்மாவிடம் சொன்னேன். "மாட்டு. நாளைக்கே ஒட்டடை அடிக்கவும் நீயே வா" என்றார். சென்னையிலிருந்து.

கழற்றினேன். நுனியை லைட்டரால் லேசாகச் சூடுகாட்டினால் பழைய பசை இளகி வளையம் கழன்று வரும். நெருப்பு ஃபைபரில் படக்கூடாது. இரண்டாவது வளையத்தின் நூல்கட்டை அதன் காலுக்கு மேலாகத்தான் பிளேடால் கீறினேன், கம்பின் மேல் கீறினால் அங்கேயே ஒருநாள் முறியும். புது வளையத்தின் கால் நுனியை நூல் வழுக்கி ஏறும்படி அரத்தால் சரித்து, அடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து வரிசையில் நிறுத்தி, நெருக்கமாக நூல் சுற்றி, மேலே அரால்டைட் பூசினேன். காயும்வரை கம்பைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் பசை ஒரு பக்கம் தொங்கிவிடும். அம்மா சீரியல் பார்த்தபடி பாதி நேரம் சுழற்றினார். பழைய வளையம் தீப்பெட்டிக்குள் இருக்கிறது. அதைத் தூக்கிப்போட யாரும் கேட்கவில்லை.

கம்பு இப்போது சரியாக இருக்கிறது. அந்த விராலுக்கு அதனால் ஒன்றுமில்லை. சாதா இரும்பு முள் என்றால் மீன் வாயிலேயே துருப்பிடித்து உதிர்ந்துவிடும் என்பார்கள். நான் போட்டிருந்தது துருப்பிடிக்காத முள். நல்ல சாமானாக இருக்கட்டும் என்று கூடக் காசு கொடுத்து வாங்கியது.