ஆயமும் தர்மமும்

அய்யா துணை



சென்ற மாதம் முதல் ஞாயிறு பணிவிடை முடிந்து அன்னம் பரிமாறும்போது, கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, அய்யா வரியை எதிர்த்தவருதானே? அப்போ வீட்டு வரியைக் கொஞ்சம் குறைச்சுக் காட்டினா அது குத்தமா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மாடியில் கட்டி வாடகைக்கு விட்ட இரண்டு அறைகள் நாலு வருஷமாக வரிக் கணக்கில் இல்லை. அவர் வாயால் சொன்னதைத்தான் நான் மனதுக்குள் சமாதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அய்யா எதிர்த்தது எதை? இதை நாம் சரியாக நினைத்துப் பார்ப்பதில்லை. திருவிதாங்கூரில் நம் முன்னோருக்குத் தலைவரி. பனையேறும் ஏணிக்கும் காலில் மாட்டும் தளைநாருக்கும் ஆயம். தாலிக்கும் ஆயம். அதற்கு மேல் ஊழியம்; கூலியும் இல்லை, கஞ்சியும் இல்லை. இத்தனையும் யாரிடம் வாங்கினார்கள்? தாழக் கிடந்தவனிடம். அவன் கொடுத்த பணத்தில் ஓடிய அரண்மனைக்கோ, அதில் விளக்கெரிந்த கோயிலுக்கோ அவன் கிட்டப் போக முடியாது. போட்ட சாலையிலும் தள்ளி நிற்கவேண்டும். சுவாதித் திருநாள் காலத்தில் அய்யா சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறையிருந்தது, மக்களுக்கு முதுகு நிமிரக் கற்றுக்கொடுத்ததற்காக. வரி என்ற சொல்லே அய்யாவுக்குப் பகை என்று நாம் எடுத்துக்கொண்டால், அந்த முதுகை மறந்துவிட்டு முடிப்பை மட்டும் பிடித்துக்கொண்டதாகும்.

இன்னொன்றையும் பாருங்கள். காணிக்கை வேண்டாம் என்றவரும் அய்யாதான். ஆனால் தாங்கலில் அன்னம் எப்படி வேகிறது? ஒருவர் அரிசி கொண்டுவருகிறார், ஒருவர் பருப்பு, ஒன்றும் இல்லாதவர் விறகு பிளக்கிறார். சாமிக்குப் பயந்து உண்டியலில் போடுவது வேறு, எல்லாரும் உண்ணும் பந்திக்குப் பங்கு போடுவது வேறு. முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியும் ஒரே தண்ணீரைக் கோரியதுபோல, ஒரு தெருவுக்குப் பொதுவானதும் உண்டு. குழாய், விளக்கு, வடிகால். சொத்து வரி நூறு ரூபாய் என்றால் பத்து ரூபாய் நூலகத்துக்கென்று பிடிக்கிறார்கள். அந்த நூலகத்தில் என் மகன் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. எங்கள் தெருவிலும் முழங்காலளவு. தண்ணீர் வடிந்தபின் சாக்கடைச் சேற்றை அள்ள வந்தவர்கள் கையுறைகூட இல்லாமல் அள்ளினார்கள். தாங்கலிலிருந்து அவர்களுக்குச் சோறு கொடுத்தோம். அதைத் தர்மம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். அவர்களுக்குக் கையுறை வாங்கவேண்டிய காசில் கொஞ்சம் என் மாடி அறைகளில் இருந்தது என்பது அப்போது தோன்றவில்லை.

அரசாங்கம் நிழல் தாங்கல் ஆகிவிடாது. அதுவும் உண்மை. அரிசி தராதவனைத் தாங்கலில் யாரும் நோட்டீஸ் ஒட்டிக் கூப்பிடுவதில்லை. இன்றைய வரிகளிலும் பழைய ஆயத்தின் சாயல் இருக்கிறது. 2017 ஜூலை முதல் வந்த ஜிஎஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குளியல் சோப்புக்கு 18 விழுக்காடு பிடித்தார்கள். 2025 செப்டம்பரில்தான் 5 ஆயிற்று. எஸ்டேட்டில் கூலிக்குப் போகும் அம்மாவும் பட்டறை முதலாளியும் ஒரே சோப்புக்கு ஒரே வரிதான். அந்த அம்மா தான் வரி கட்டுவதே தெரியாமல் கட்டுகிறாள்; ஏமாற்ற வழியும் இல்லை. வீட்டு வரி அப்படியில்லை. 2022-ல் ஏற்றியபோது, 2011-ல் சென்னையோடு சேர்ந்த அம்பத்தூர் போன்ற பகுதிகளிலும் மற்ற மாநகராட்சிகளிலும், 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 விழுக்காடு, 1800-க்கு மேல் போனால் 100 விழுக்காடு என்று ஏற்றினார்கள். பெரிய வீட்டுக்காரன் அதிகம் சுமக்கிறான். சீட்டு கையில் வருவதால் நாம் இதைத்தான் உரக்கத் திட்டுகிறோம். சத்தமில்லாமல் சோப்பில் போவதைத் திட்டுவதில்லை. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது.

பனையேறி அனந்தபுரத்து அரசனிடம் "என் பணம் எங்கே போனது?" என்று கேட்க முடியாது. நாம் கேட்கலாம். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் வாங்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 265-வது பிரிவு சொல்கிறது. ஆவடி 2019-ல் மாநகராட்சியாகி, 2022 பிப்ரவரியில் 48 வார்டுக்கும் தேர்தல் நடந்தது. அதே வருஷம் நவம்பரில் நகரங்களிலும் பகுதி சபை கூட்டினார்கள். நம் தாங்கலில் எத்தனை பேர் போனோம்? நான் போகவில்லை. கணக்கில் ஒளித்தவனுக்குக் கணக்குக் கேட்க நாக்கு எழுவதில்லை. என் வடிகால் அடைத்திருந்தபோது மனு எழுத நான் தயங்கியது அதனால்தான். வந்து அளந்துவிடுவார்களோ என்ற பயம். தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நில் என்று அய்யா சொன்ன வழியில் வந்தவன், இரண்டு அறைக்காகக் குனிந்து நின்றேன்.

அந்த ஞாயிறு கழித்து மூன்றாம் நாள் போய் அறைகளைக் கணக்கில் சேர்க்க எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் தாங்கலில் அந்த அன்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி அண்ணாச்சி, கட்டாம விட்ட நாலு வருஷத்துக் காசு?" என்று கேட்டார். கேட்டால் கட்டுகிறேன் என்றேன். "கேக்காட்டி?" என்றார்.

அய்யா உண்டு.