வெறும் வயிற்றில்

தினம் ஒரு வரி எழுதச் சொல்கிறார் டாக்டர். எதைப் பற்றி என்று சொல்லவில்லை. எழுத்து கோணுகிறதா என்று பார்க்கத்தான்.

ஈரல் கழிக்காமல் விட்ட அமோனியா மூளைக்கு ஏறினால் கையெழுத்து கெடும். தூக்கம் இடம் மாறும், பகலில் உறங்கி இரவில் விழிப்பது. பிறகு கிழமை மறக்கும்.

இன்று வியாழன்.

*

காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மும்பை சயான் ஸ்டேஷன் அறிவிப்பு கேட்கிறது. மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ். மூன்றிலும் ஒரே வண்டி.

வண்டி வருகிறது. நிற்கிறது. போகிறது.

*

இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, மணிக்கட்டை நிமிர்த்தி, விரலை விரிக்கச் சொல்கிறார்கள். டிராஃபிக் போலீஸ் நிறுத்துவது போல.

கை ஒரு கணம் தொய்கிறது. மறுபடி எழுகிறது. நான் செய்வதில்லை. அது நடக்கிறது, நான் பார்க்கிறேன்.

*

அரிப்பு. உள்ளங்காலில் தொடங்கி முதுகுக்குப் போகிறது. தோலில் ஒரு தடிப்பும் இல்லை.

சொறிந்தால் இடம் மாறுகிறது. சொறியாவிட்டாலும் மாறுகிறது.

*

உப்பில்லாத சோறு. உப்பில்லாத ரசம். மூன்று வேளையும் லாக்டுலோஸ் சிரப், தித்திப்பு.

நாக்கு கேட்பதை நிறுத்திவிட்டது. மூக்கு இன்னும் கேட்கிறது. கீழ் வீட்டில் அப்பளம் பொரிக்கிறார்கள்.

*

எல்லாரும் முதலில் கேட்பது, அல்லது கேட்காமல் பார்ப்பது: குடிப்பாரா?

இல்லை. சர்க்கரை, கொழுப்பு, வருடக்கணக்கில் நாற்காலி.

குடித்திருந்தாலும் இதே வயிறுதான், இதே அரிப்புதான். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் குடித்தவர். நல்ல மனிதர். தன் ஆரஞ்சை உரித்துப் பாதியை இந்தப் பக்கம் நீட்டுகிறார்.

*

பிலிருபின், கிரியேட்டினின், ஐஎன்ஆர். மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஒரு எண். மெல்ட் ஸ்கோர் என்கிறார்கள். 6 முதல் 40 வரை.

எண் ஏறினால் அவசரம் ஏறுகிறது. அடுத்த மூன்று மாதத்தில் இறப்பதற்கான வாய்ப்பைச் சொல்வதும் அதே எண்தான்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது எதை எதிர்பார்க்கிறேன் என்று தெரியவில்லை.

*

என் பெயர் இருக்கும் பட்டியல் நான் வசிக்கும் சயானிலேயே இருக்கிறது. மும்பை மண்டல உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு மையத்தின் அலுவலகம் சயான் ஆஸ்பத்திரிக் கல்லூரிக் கட்டடத்தில். யாருடைய சிறுநீரகம் யாருக்கு, யாருடைய ஈரல் யாருக்கு என்பது அங்கே ஒழுங்காகிறது.

டாக்ஸியில் அதைக் கடக்கிறேன். வாசலில் தாராவிக்காரர்கள், டிபன் கேரியரோடு, எக்ஸ்ரே உறையோடு. தண்டவாளத்துக்கு மேல் போகும் பழைய பாலத்தை 2024 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். 1912இல் கட்டியது. இப்போது சுற்றித்தான் வரவேண்டும்.

யாரும் எனக்காக வரவில்லை. அவரவர் நோயாளிக்கு வருகிறார்கள்.

*

என்ன வேண்டும் என்று ஒரு முறை முழுதாக எழுதிப் பார்க்கிறேன்.

என் ரத்த வகை உள்ள ஒருவர். உடல் நல்ல உடல். மூளைத்தண்டு செத்துப்போயிருக்க வேண்டும், இதயம் துடிக்க வேண்டும். நான்கு மருத்துவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டாம் முறையும் சொல்ல வேண்டும். 1994 சட்டம் அப்படி. பிறகு ஐசியு வாசலில் நிற்கும் ஒரு பெண்ணிடமோ தகப்பனிடமோ ஒருவர் போய்க் கேட்க வேண்டும். அவர்கள் சரி என்று சொல்ல வேண்டும்.

இதில் எந்த வரியை வேண்டிக்கொள்வது.

சாயங்காலம் மனைவி விளக்கேற்றுகிறாள். கண்ணை மூடுகிறேன். எதுவும் கேட்கவில்லை.

*

மனைவிக்கு பி. எனக்கு ஓ. ஓவுக்கு ஓ மட்டும்தான் சேரும்.

ஓ-வும் சேராதவர்கள் இருக்கிறார்கள். 1952இல் பரேல் கேஇஎம் ஆஸ்பத்திரியில் கண்டறிந்த வகை. அதற்கு இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள், பாம்பே குரூப்.

என்னுடையது சாதாரண ஓ.

*

தம்பி திருநெல்வேலியிலிருந்து வந்து ஸ்கேன் எடுத்துக்கொள்கிறான். அவன் ஈரலிலும் கொழுப்பு. "மன்னிச்சுக்கண்ணே" என்கிறான். எதற்கு என்று தெரியாமல் இருவரும் சன்னலைப் பார்க்கிறோம்.

மகளுக்கு 17. "இன்னும் எட்டு மாசம்பா" என்கிறாள். ஈரல் வெட்டினாலும் வளர்ந்துவிடும், பாதிக்கு மேல் கொடுத்தாலும் சில மாதத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும் என்று படித்து வைத்திருக்கிறாள். சரிதான், வளரும்.

18 ஆகாதவரிடம் சட்டம் வாங்காது. நான் சட்டத்தின் பக்கம்.

*

வயிற்றில் சேர்ந்த நீரை ஊசி போட்டு இறக்குகிறார்கள். வெளிறிய மஞ்சள். பாட்டில் மாற்றி பாட்டில். ஈடுகட்ட ஆல்புமின் ஏற்றுகிறார்கள்.

ஆல்புமின் வேறு மனிதர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. முகம் தெரியாத பலர் சொட்டுச் சொட்டாக இறங்குகிறார்கள்.

மூச்சு எளிதாகிறது.

*

சயான் ஆஸ்பத்திரியில் 1989 முதல் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. அர்மிடா ஃபெர்னாண்டஸ் என்ற குழந்தை மருத்துவர் தொடங்கியது. ஆசியாவிலேயே முதலாவது. ஒருத்தி கறந்து வைத்துவிட்டுப் போகும் பால், குறைமாதத்தில் பிறந்த இன்னொருத்தியின் பிள்ளைக்கு.

இதை ஏன் இன்று நினைக்கிறேன். தாராவியில் இருக்கும் நாத்தனாரின் கைக்குழந்தைப் பேத்தியைப் பற்றி மனைவி போனில் பேசிக்கொண்டிருக்கிறாள், அதனால் இருக்கலாம்.

*

மழை. குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே தண்டவாளம் முழுகிவிட்டது. அறிவிப்பு நின்றுவிட்டது. கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு என்கிறார்கள்.

இன்றிரவு போன் வந்தால் எப்படிப் போவது. மனைவி அதைச் சொல்லவில்லை. செருப்பைக் கழுவி வாசலில் சாய்த்து வைக்கிறாள்.

போனில் சார்ஜ் 100.

*

போன் வருகிறது.

எதுவும் சாப்பிட வேண்டாம், வந்துவிடுங்கள். முதல் ஆள் வேறொருவர். அவருக்குக் காய்ச்சல், ஏதாவது என்றால் நீங்கள்.

ரத்தம் எடுக்கிறார்கள். மயிர் மழிக்கிறார்கள். வயிறு வெறுமையாக இருக்கிறது. எதிர்ச்சுவரில் கடிகாரம். பக்கத்து அறையில் அந்த முதல் ஆள் இருக்கிறார். இருமுகிறார். இருமலைக் கேட்டபடி இருக்கிறேன், அதற்குமேல் போகாமல்.

விடியுமுன் வந்து சொல்கிறார்கள். அந்த ஈரலில் கொழுப்பு அதிகம். யாருக்கும் இல்லை.

எங்கோ ஒரு குடும்பம் சரி என்று சொல்லியிருக்கிறது.

டாக்ஸி. தாராவியிலிருந்து கிளம்பும் இட்லிக்காரர்களின் சைக்கிள் ஹார்ன். மூடியிருக்கும் பாலம். வீட்டில் மோர் சாதம். பசிக்கிறது.

*

எழுத்து கோணுகிறது. நேற்றைய பக்கத்தில் வரி சரிந்து தாளின் மூலைக்குப் போயிருக்கிறது. எழுதியது நினைவில்லை. "கதவு" என்று இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

*

கிழமை கேட்கிறார்கள்.

*

குழாய் தொண்டையில். யாரோ என் பெயரை மராத்தி இழுப்போடு கூப்பிடுகிறார்.

கண்ணைத் திறக்கச் சொல்கிறார். திறந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

*

விளக்கு அணைவதில்லை. இரவு என்பது சிஸ்டர்கள் மாறுவது.

இடப்பக்கம் ஒரு பை, வலப்பக்கம் ஒரு பை. பையில் என்ன நிறம் என்று பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்கள். புது ஈரலுக்குள் ரத்தம் விட்டதும் பித்தம் ஊறத் தொடங்கியது என்கிறார் சர்ஜன். மேசையில் இருக்கும்போதே. நல்ல பொன் நிறம் என்கிறார். அவர் முகம் களைத்திருக்கிறது.

என் பழைய ஈரல் எங்கே என்று கேட்க வாய் வருகிறது. குரல் வரவில்லை.

*

தாகம். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைக்கிறார்கள்.

அந்த ஈரம்.

*

1963இல் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் முதன்முதலாக மனிதருக்கு ஈரல் மாற்றுகிறார். மூன்று வயதுப் பையன். ரத்தம் நிற்கவில்லை. மேசையிலேயே போகிறான்.

1998 நவம்பரில் டெல்லியில் ஒரு குழந்தை பிழைக்கிறது. காஞ்சிபுரத்துக் குழந்தை, பித்தக்குழாய் இல்லாமல் பிறந்தது, இரண்டு வயது நிரம்பவில்லை. தகப்பன் தன் ஈரலில் ஒரு துண்டு கொடுக்கிறார். இந்த நாட்டில் பிழைத்த முதல் ஆள் அந்தக் குழந்தை. பின்னாளில் அவரே டாக்டர்.

நடுவில் 35 வருடம். நடுவில் இருந்தவர்களை நினைக்கிறேன். பெயர் தெரியாது.

*

தையல் இல்லை, ஸ்டேப்ளர் பின். மார்புக்குழியிலிருந்து இறங்கி வலப்பக்கம் திரும்புகிறது. மனைவி பார்த்துவிட்டுப் போர்வையைச் சரிசெய்கிறாள்.

தழும்புக்குக் கீழே தோல் மரத்திருக்கிறது. விரல் வைத்தால் விரலுக்குத் தெரிகிறது. வயிற்றுக்குத் தெரியவில்லை.

*

ஈரலை எடுக்கும்போது நரம்பை வெட்டிவிடுகிறார்கள். வைக்கும்போது ரத்தக்குழாய்களைச் சேர்க்கிறார்கள், பித்தக்குழாயைச் சேர்க்கிறார்கள். நரம்பைச் சேர்ப்பதில்லை.

உள்ளே அது வேலை செய்கிறது. எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. சொல்வதெல்லாம் ரத்தத்தில்தான், லேப் தாளில்தான்.

வலக்கையை விலாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன். கதகதப்பு. யாருடையது.

*

2008இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுக்கிறார்கள். 15 வயது, பைக் விபத்து. இதயம் சென்னைத் தெருக்கள் வழியே முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போய்ச் சேர்கிறது. அப்போது அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது நினைவிருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே பார்த்தது.

அந்தப் பையனின் பெயர் எல்லாருக்கும் தெரியும். எனக்கு வந்ததன் பெயர் எனக்குச் சொல்லப்படவில்லை. சொல்வதில்லை, அதுதான் முறை.

எனக்கு ஆபரேஷன் நடந்த வாரத்துப் பேப்பர்களை மனைவி எடுத்து வைத்திருக்கிறாள். அலமாரியின் மேல் தட்டில். எடுக்கலாம். எடுக்கவில்லை.

*

ஸ்டீராய்டு மாத்திரை. தூக்கம் இல்லை, பசி நிறைய. இரவு இரண்டு மணிக்கு இட்லி வேண்டும் என்று தோன்றுகிறது. மாவு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.

இது என் பசியா. இருக்கலாம்.

*

டாக்ரோலிமஸ், காலை எட்டு, இரவு எட்டு. புது ஈரலை அந்நியன் என்று உடல் கண்டுபிடிக்காமல் இருப்பதற்கு. கண்டுபிடிக்கும் படையைப் பாதி உறங்க வைப்பது.

ஜப்பானில் சுகுபா மலையடி மண்ணில் 1984இல் கிடைத்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து வந்த மருந்து.

மண்ணைத் தொடவேண்டாம் என்கிறார்கள். சன்னலில் இருந்த துளசித் தொட்டியை மனைவி கீழ் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறாள்.

*

சன்னலுக்கு வலை. புறா எச்சத்தில் பூஞ்சை, எனக்கு ஆகாது. தாதர் கபூதர்கானாவையும் மூடித் தார்ப்பாய் போட்டுவிட்டார்கள், தானியம் போடுகிறவர்கள் சண்டைக்குப் போகிறார்கள் என்று செய்தி. இரண்டு பக்கத்திலும் நியாயம் தெரிகிறது. என் நுரையீரல் ஒரு பக்கம்.

வலைக்கு வெளியே ஒரு புறா. தலையைச் சாய்த்து அறையைப் பார்க்கிறது.

*

மாட்டுங்கா மார்க்கெட்டில் பம்பளிமாஸ். கணபதிக்கு வந்திருக்கிறது. குவித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பழம் மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், இனி ஆயுசுக்கும் கூடாது.

நான் விரும்பித் தின்ற பழமும் இல்லை. இன்று அதன் மணம் முகமூடியைத் தாண்டி வருகிறது. கொஞ்ச நேரம் நிற்கிறேன். கடைக்காரர் "பாயிஜே கா?" என்கிறார். தலையாட்டிவிட்டு நகர்கிறேன்.

*

கண் வெள்ளையாக இருக்கிறது. கண்ணாடியில் அது வேறு யாரோ போல இல்லை, பழைய போட்டோவில் இருப்பவர் போல.

*

மகளுக்கு 18 ஆகிவிட்டது. கேக் வாங்குகிறார்கள். அவள் என்னைப் பார்க்கிறாள். நான் கேக்கைப் பார்க்கிறேன்.

*

கை மறுபடி நடுங்குகிறது. இது வேறு நடுக்கம், மெல்லியது, மாத்திரையால் வருவது. எழுத்துக்கு இரண்டின் வித்தியாசம் தெரிகிறது. முன்பு வரி சரிந்தது. இப்போது வரி நேராகப் போகிறது, ஒவ்வொரு எழுத்தும் ஓரத்தில் அதிர்ந்திருக்கிறது.

தினம் ஒரு வரி என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

*

எஸ்ஜிபிடி கொஞ்சம் ஏறியிருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. நடந்தேன், சாப்பிட்டேன், சண்முகானந்தா ஹால் வரை போய் வந்தேன். தாளில் ஏறியிருக்கிறது.

நிராகரிப்பாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மாத்திரையின் அளவு பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு தேவைப்பட்டால் பயாப்சி.

நாளை காலை ரத்தம் எடுக்க ஆள் வருவார். எடுத்த பிறகுதான் எட்டு மணி மாத்திரை. அவர் தாமதமாக வந்தால் மாத்திரையும் தாமதம். மனைவியிடம் சொல்லி வைக்க வேண்டும்.