வழுவும் உயிர்ப்பும்: இலத்திரனியல் இசை பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

பொறி பிழை செய்யாது என்பது அதன் பெருமையாகக் கொள்ளப்படுவது வழக்கம். எனினும், இசைத்துறையில் அப்பெருமையே குறையாகக் கருதப்படலாயிற்று. பிழையற்ற பொறியை ஆக்கிய மனிதன், பின்னர் அதற்குப் பிழை செய்யக் கற்பிக்க முற்பட்டான். இம்முயற்சி கலையா, கபடமா என்னும் வினா சிந்தித்தற்குரியது.

1948 இல் பரிஸ் நகரிலே பியேர் ஷேபர் புகைவண்டியின் ஓசைகளை ஒலிப்பதிவு செய்து அவற்றைக் கொண்டே இசையாக்கம் செய்தார். 1951 இல் ஜேர்மனியின் கொலோன் வானொலியில் நிறுவப்பட்ட கலையகமோ, மின்னதிர்வுகளிலிருந்து ஒலியையே புதிதாகப் படைக்க விழைந்தது. ஆயினும், அக்கலையகத்திற் பணியாற்றிய ஸ்ரொக்ஹவுசன் 1956 இல் வெளிவந்த தமது ஆக்கத்தில் மின்னொலிகளோடு ஒரு சிறுவனின் குரலையும் இணைத்தார். தூய மின்னொலி மட்டும் அவருக்குப் போதுமானதாய் இருக்கவில்லை. 1980 இல் றொஜர் லின் வெளியிட்ட தாளப்பொறி, மெய்யான முரசுகளின் ஒலிப்பதிவுகளையே தன்னகத்துக் கொண்டிருந்தது. ஒலி மெய்யானது, ஆனால் ஒவ்வோர் அடியும் முன்னைய அடியின் மறுபதிப்பு. எனவே, அடிகளைச் சற்றுத் தள்ளி வைத்து நடையை அசைக்கும் வசதியும் அப்பொறியில் அமைக்கப்பட்டது. இன்றைய கணினி மென்பொருள்களோ ஒரு கட்டளையாலேயே அடிகளை வினாடியின் நூற்றிலொரு பங்களவு முன்பின்னாக நகர்த்தி, அவற்றின் வலிமையையும் கூட்டிக் குறைத்து, ‘மனிதத் தன்மை’ ஊட்டுகின்றன.

இதனை மறுப்போர் கூற்று வலுவுடையது. புதிய மேசையை உளியாற் கீறிப் பழம்பொருளென விற்பவனை நேர்மையாளன் என எவருங் கூறார். மிருதங்கக் கலைஞன் ஒருவனது அடி மயிரிழை பிந்துமாயின், அது குறியை நோக்கி முயன்ற கையின் சுவடு. பொறிக்கோ முயற்சி இல்லை. முயற்சி இல்லாதவிடத்துத் தவறுதலும் இல்லை. ஆகவே, பொறியின் வழு வழுவன்று. வழுவின் வேடமே என்பது அவர் வாதம்.

இவ்வாதம் மனித வாசிப்பின் நுண் விலகல்கள் யாவும் தற்செயலான தவறுகளே எனக் கொள்கிறது. ஹொல்கர் ஹெனிக் என்பாரும் அவர்தங் குழுவினரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றை உணர்த்துகிறது. மனிதர் தாளம் இசைக்கையில் ஏற்படும் விலகல்கள் ஒன்றோடொன்று நெடுந்தூரம் தொடர்புற்றவை. ஓர் அடியின் விலகலில் அதற்கு வெகு முன்னர் நிகழ்ந்த அடிகளின் சாயல் உண்டு. கேட்டோரும் தொடர்பற்ற விலகல்களிலும் பார்க்க இத்தகைய விலகல்களையே விரும்பினர். எனவே, செவி நாடுவது பிழையை அன்று. நினைவுள்ள ஓட்டத்தையே எனலாம். பொத்தானை அழுத்திச் சிதறலைப் பெறுபவன் உயிர்ப்பைப் பெறுவதில்லை.

அன்றியும், இயற்கையும் செயற்கையும் முற்றிலும் பகையானவை என்பதும் பொருந்தாது. தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு சிறு நூல் செருகப்படுகிறது. அதனாலேயே அதன் நாதம் செறிவும் ரீங்காரமும் பெறுகிறது. அதனை ‘ஜீவாளி’ என்பர். உயிர் என்னும் பொருள்படும் சொல்லடியாகவே அதற்குப் பெயரிட்டனர். எனினும் அவ்வுயிர் கையாற் செருகப்பட்ட நூலினின்றே பிறக்கிறது. அதைக் கபடம் என்று எவரும் பழித்திலர். ஏனெனில், இசைப்பவன் நூலைச் சிறிது சிறிதாக நகர்த்தி, தன் செவி நிறைவுறும்வரை காத்திருக்கிறான். அக்காத்திருப்பே அச்செயற்கைக்கு அறமாகிறது.

ஆகவே, பொறியிசைக்கு இயல்பூட்டல் தன்னளவிற் குற்றமன்று. செவியின் தீர்ப்புக்கு உட்பட்டுச் செய்பவன் கலைஞனே. பொறியின் ஒலியை மனிதன் வாசித்ததெனக் கேட்போரை நம்பவைக்கும்போதும், ஒலிப்பதிவுக்கு அடி தந்த கைகளின் உழைப்பை மறந்து அவற்றின் பயனை மட்டும் நுகரும்போதுமே குற்றம் பிறக்கிறது. பொறி பொய் சொல்வதில்லை. அதன் பின்னால் நிற்பவனே மெய்யுரைக்கவோ பொய்யுரைக்கவோ வல்லவன். வினா இசையைப் பற்றியதாயினும், விடை மனிதனிடமே உள்ளது.