ஆச்சியை நினைவுகூர்தல்: நன்றியும் நீதியும்

இறந்தோரை நினைவுகூர்தல் மனித சமுதாயங்கள் யாவற்றுக்கும் பொதுவானதொரு பண்பாகும். தமிழர் வாழ்வில் இது தொன்றுதொட்டு ஒரு கடமையாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளது. இல்வாழ்வான் ஓம்பவேண்டியவர்களை வகுத்துக் கூறும் வள்ளுவர், தெய்வத்துக்கும் முன்னதாகத் தென்புலத்தாரை வைத்துள்ளமை ஈண்டு நோக்கற்பாலது. ஆயின், நினைவுகூர்தல் கடமை என்பதனை ஏற்றுக்கொண்ட மாத்திரத்தே இன்னொரு வினா எழுகின்றது. எவ்வாறு நினைவுகூர்தல் வேண்டும்? நேசித்த ஒருவரின் நிறைகளை மட்டும் பேணுவதுதான் நன்றியா? அவரது குறைகளையும் சேர்த்து நினைப்பது நன்றி மறத்தலாகுமா? இவ்வினாவைத் தலைவர்களையும் புலவர்களையும் கொண்டு ஆராய்வதிலும் பார்க்க, வீட்டுக்கு வீடு வாழ்ந்து மறைந்த ஆச்சிமாரைக் கொண்டு ஆராய்வது பயனுடைத்து. அன்பு மிகுந்த இடத்திலேதான் உண்மைக்குச் சோதனையும் மிகுதி.

யாழ்ப்பாணத்துச் சைவ மக்களிடையே, ஒருவர் இறந்து 31ஆம் நாள் அளவில் 'கல்வெட்டு' எனப்படும் நினைவுமலரை அச்சிட்டு வழங்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. திதி வெண்பாவும், வாழ்க்கை வரலாறும், மக்களும் பேரப்பிள்ளைகளும் புலம்புவனவாக அமைந்த செய்யுள்களும், நன்றி நவிலலும் அதன் உறுப்புகளாம். ஆடவர் ஒருவரின் கல்வெட்டிலே அவர் கற்ற கல்வியும் வகித்த உத்தியோகமும் ஊருக்குச் செய்த பணியும் பேசப்படும். ஆச்சியின் கல்வெட்டோ பெரும்பாலும் அவரை இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் பேர்த்தி என்று கூறி அமைந்துவிடுகின்றது. வானொலி மரண அறிவித்தல்களின் அமைப்பும் இத்தகையதே. எஞ்சிய வாழ்வு முழுவதும் 'தியாகம்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கப்படுகின்றது.

அத்தியாகம் எத்தகையது என்பதைச் சற்று நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்து ஆடவர் பலர் மலாயாவிலும் தென்னிலங்கையிலும் உத்தியோகம் பார்த்தனர். ஊரிலே எஞ்சிய மனைவியரில் பலர் தோட்டத்தையும் துரவையும் கவனித்தனர், பிள்ளைகளை வளர்த்தனர், முதியோரைப் பராமரித்தனர். கொட்டைப்பெட்டியில் முடிந்துவைத்த சில்லறையைக் கொண்டு மாதத்தை ஓட்டினர். அத்தகைய பெண் ஒருத்தியின் பெயரிலே சீதனக் காணி இருந்திருக்கலாம். எனினும் தேசவழமைக்குட்பட்டோரின் திருமண உரிமைகள் தொடர்பாக 1911இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டத்தின்படி, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அக்காணியை அவள் விற்க முடியாது. 1931இல் இலங்கையில் 21 வயதடைந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. நாட்டின் ஆட்சியைத் தெரிவுசெய்யும் தகுதியுடையவளெனக் கருதப்பட்ட அதே பெண், தன் முதுசக் காணியைத் தன் விருப்பப்படி கையாளும் தகுதியற்றவளாகவே இருந்தாள்.

இந்நிலையில் அவள் இறுதியாக உண்டதையும், நகையை அடைவு வைத்துப் பிள்ளையைப் படிப்பித்ததையும் தியாகம் என்று மட்டும் கூறுவது போதுமானதா? தியாகம் என்பது மறுக்கும் உரிமையுடையவர் மனமுவந்து அளிப்பது. மறுக்கவே இயலாத ஒருவரிடமிருந்து பெறப்பட்டதைத் தியாகமெனப் புகழும்போது, பெற்றுக்கொண்டோர் தம் கடனை ஒரு சொல்லால் தீர்த்துவிடுகின்றனர். 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயனாகப் பல்கலைக்கழகம் வரை வந்த தலைமுறையினரில் எத்தனையோ பேருக்குப் பின்னால், தாம் சில வகுப்புகளே கற்ற ஆச்சிமார் நிற்கின்றனர். அவர்களுக்கு மறுக்கப்பட்டது யாது என்பதை அறிய முயல்வது, அவர்கள் அளித்ததைப் போற்றுவதன் முதற்படியாகும்.

எனினும் இது பாதி உண்மையே. மற்றைய பாதி கூறுவதற்குக் கடினமானது. உரிமை மறுக்கப்பட்ட அதே ஆச்சி, தன் முற்றத்திலே பிறருக்கு உரிமை மறுத்தவளாகவும் இருந்திருக்கக்கூடும். மா இடிக்கவும் வேலி அடைக்கவும் வந்த ஒடுக்கப்பட்ட சாதியினருக்குச் சிரட்டையிலே தேநீர் வார்க்கப்பட்ட முற்றங்கள் யாழ்ப்பாணத்தில் ஒன்றிரண்டல்ல. அவர்கள் திண்ணையில் அமர முடியாது. கிணற்றில் தாமாக நீர் அள்ள முடியாது. தேநீர்க்கடை, கோயில் முதலிய பொது இடங்களில் சாதியின் பெயரால் தடைவிதிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. அதன் பின்னரும் 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி மக்கள் ஊர்வலமாகச் செல்ல வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. இவற்றைச் சமூக வரலாறு பதிவு செய்துள்ளது. குடும்ப வரலாறுகளோ பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கு ஒடியற்கூழ் வார்த்த கையின் பரிவு எழுதப்படுகின்றது. அதே கை சிரட்டையில் வார்த்தது எழுதப்படுவதில்லை.

இதனை எழுதலாகாது என்பதற்கு இரு நியாயங்கள் கூறப்படுவதுண்டு. இறந்தவரால் மறுமொழி கூற இயலாது. ஆதலின் அவரைக் குறைகூறல் அறமன்று என்பது ஒன்று. இந்நியாயத்தில் உண்மை உண்டு. செத்தவீடு நீதிமன்றமன்று, அங்கே ஆறுதலே அறம். ஆயின், மறுமொழி கூற இயலாமை புகழ்ச்சிக்கும் பொருந்தும். தாம் எக்காலத்தும் கோபமே கொள்ளாதவரென எழுதப்படுவதையும் ஆச்சியால் மறுக்க முடியாதல்லவா? உயிரோடிருந்த பெண்ணை எடுத்துவிட்டு ஒரு பதுமையை அவ்விடத்தில் வைப்பதும் அவருக்கு இழைக்கும் அநீதியே.

அது அக்காலத்தின் குறை, ஆச்சியின் குறையன்று என்பது மற்றைய நியாயம். காலத்தின் சுமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. கணவனும் சுற்றமும் ஊரும் ஒருங்கே காத்துநின்ற வழக்கத்தைத் தனியொரு பெண் மீறுவது எளிதாயிருந்திருக்க முடியாது. ஆனால் அக்காலம் ஒரே குரலில் பேசவில்லை. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸாக விளங்கிய இயக்கம், இந்திய சுதந்திரப் போராட்டத்தால் உந்தப்பெற்று, சாதி ஏற்றத்தாழ்வை யாழ்ப்பாணத்திலேயே எதிர்த்து நின்றது. எனவே காலம் என்பது ஒரு செயலை விளங்கிக்கொள்ள உதவும் காரணமாகலாமேயன்றி, அதனை மறைத்துவிடுவதற்குரிய அனுமதியாகாது.

நினைவின் அறம் பற்றி 2002இல் நூல் எழுதிய இஸ்ரேலிய மெய்யியலாளர் அவிஷாய் மார்கலிற், மனித உறவுகளை அடர்த்தியான உறவு, மெல்லிய உறவு என இருவகைப்படுத்துவார். குடும்பம், நட்பு முதலியன முதல்வகையின. மனிதர் என்ற அளவில் மட்டும் அமையும் தொடர்பு இரண்டாம் வகையது. நினைவுகூரும் கடமை சிறப்பாக அடர்த்தியான உறவுகளுக்கே உரியது என்பது அவர் கருத்து. இவ்வகுப்பு பயனுள்ளதாயினும் ஆச்சியின் முற்றத்திலே அது தடுமாறுகின்றது. வேலைக்கு வந்த பெண் ஆச்சியின் உறவினளுமல்லள், அந்நியளுமல்லள். பிள்ளைப்பேற்றிலிருந்து இழவு வரை அக்குடும்பத்தின் வாழ்வோடு பின்னிப்பிணைந்து, படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் அவள். அடர்த்தி இருந்தது, உறவு மறுக்கப்பட்டது.

அவளும் ஒருவருக்கு ஆச்சியே என்பதை இவ்விடத்தில் மறத்தலாகாது. அவளது பேரப்பிள்ளைகளும் இன்று அவளை நினைவுகூர்கின்றனர். அவர்கள் நினைவிலே அந்த முற்றம் உண்டு. அந்தச் சிரட்டையும் உண்டு. ஒரு குடும்பம் தன் நினைவிலிருந்து அதனை நீக்கிவிட்டால் அது உலகிலிருந்து நீங்கிவிடுவதில்லை. நினைத்திருக்கும் பாரம் முழுவதும் பாதிக்கப்பட்டோரின் தோளிலேயே ஏற்றப்படுகின்றது. ஆதலின் இங்கு கேட்கப்படுவது ஆச்சியின் மீதான தீர்ப்பன்று. அப்பாரத்தில் தமக்குரிய பங்கைப் பேரப்பிள்ளைகள் ஏற்பார்களா என்பதே வினா. முதுசத்தை ஏற்போர் அதனோடு வரும் கடனையும் ஏற்பது உலக வழக்கு. நினைவும் ஒரு முதுசமே.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாம மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது உறுதிகளும் புகைப்படங்களும் கல்வெட்டுகளும் அழிந்துபோன வீடுகள் பல. அத்தகைய வீடுகளின் ஆச்சிமார் இன்று பிறர் நினைவில் மட்டுமே வாழ்கின்றனர். இழந்ததை அழகுபடுத்திப் பார்ப்பது மனித இயல்பு. அவ்வழகில் ஆறுதலும் உண்டு. ஆனால் வேறு சான்று எஞ்சாதவிடத்து நினைவின் பொறுப்பு கூடுகின்றதேயன்றிக் குறைவதில்லை.

நன்றியும் நீதியும் ஒன்றையொன்று அழிப்பனவல்ல. ஆச்சியின் பெயரையும் செயலையும் அவருக்குரியனவாக எழுதுதல், அவருக்கு மறுக்கப்பட்டதைக் கூறுதல், அவர் பிறருக்கு மறுத்ததையும் கூறுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே முழுமையான நினைவு. குறையறிந்த பின்னரும் குறையாத அன்பே ஆச்சியை முழு மனுஷியாக ஏற்றுக்கொண்ட அன்பாகும். படலைக்கு வெளியே நின்ற மற்றைய ஆச்சியின் பேரப்பிள்ளை வாசித்தாலும் முகஞ்சுளிக்காத கல்வெட்டொன்றை எழுத இயலுமா என்பதே, கற்ற தலைமுறை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.